மூன்று கோல் மணல்

தனம்,

இன்று காலை வரை உறுதியான செய்தி இது: ஆற்றில் உன் பங்கு மணல் இன்னும் வெட்டப்படவில்லை. சொன்னவன் ஊர்த் தண்ணீர் முறையைப் பார்க்கிற நீர்க்கட்டி சின்னப்பன். அவன் சொல்லை மட்டும் வைத்து எழுத வேண்டாம் என்று நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். உன் பங்குக்கு மேலே, ஊற்றுக்கண்ணிலிருந்து வந்த தண்ணீர் முழங்கால் ஆழத்துக்கு நிற்கிறது. கீழே, கரீம் பாயின் பங்கிலிருந்து கரை வரைக்கும் வெட்டி வைத்த கால்வாய் வெயிலில் காய்ந்து ஓரங்கள் சரியத் தொடங்கிவிட்டன. நடுவில் மூன்று கோல் நீளத்துக்கு மணல் அப்படியே கிடக்கிறது. நான் போனபோது அதன் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. ஊருக்கே எட்டாத இடம் அதற்கு எட்டியிருக்கிறது.

இந்தக் கடிதத்தில் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ மட்டும் படித்துவிட்டு மடித்துப் பெட்டியில் வைப்பதற்காக இதை எழுதவில்லை. மாப்பிள்ளை படிக்கட்டும். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் நீ கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படி. முப்பது வருஷம் பட்டணத்துப் பத்திரிகைக்கு இந்தப் பக்கத்துச் செய்திகளை எழுதி அனுப்பியவன் நான். எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. கோபம் மட்டும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

பேரணாம்பட்டிலேயே பிறந்து வளர்ந்த உன் புகுந்த வீட்டாருக்கு ஊற்றுக்கால் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பாலாற்றில் வருஷத்தில் கொஞ்ச நாள்தான் தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். மற்ற நாளெல்லாம் ஆறு மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. கார்த்திகை வெள்ளம் வடிந்து மணல் இறுகியதும் ஊரார் ஆற்றில் இறங்கி, கரையிலிருந்து மேற்கே சாய்வாக மணலை வெட்டிக்கொண்டு போவோம். முதலில் ஈர மணல் வரும், அப்புறம் கசிவு, அப்புறம் கண் திறந்து தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரை வெட்டிய வழியே கரைக்குக் கொண்டுவந்து வாய்க்காலில் விட்டால், வெயில் காலம் வரைக்கும் நவரை நெல்லுக்குப் பாயும். அடுத்த வெள்ளம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டுப் போகும். மறு வருஷம் மறுபடியும் முதலிலிருந்து வெட்ட வேண்டும். ஒரு தரம் கட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று உட்கார முடியாத வேலை இது. ஒவ்வொரு வருஷமும் ஊர் மறுபடி ஒன்றுசேர்ந்தால்தான் சோறு.

வெட்டுகிற வேலையைக் கழனிக்குத் தக்கபடி பிரித்திருக்கிறார்கள். சின்னப்பன் மூங்கில் கோலால் அளந்து, இன்னார் பங்கு இதுவரைக்கும் என்று குச்சி நட்டு வைப்பான். ஒருவர் தம் பங்கை வெட்டாமல் விட்டால் மற்ற எல்லாரும் வெட்டியது வீண். அதனால் முன்னோர்கள் ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: ஒருவன் பங்கை இன்னொருவன் வெட்டினால், அந்த வருஷம் அவனுடைய முறைத் தண்ணீர் வெட்டினவனுக்கே சொந்தம். பங்குக்காரன் தன் கையால் முதல் கூடை மணலை எடுத்துக் கரையில் கொட்டிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் உதவலாம், கூலிக்கு ஆளும் வைக்கலாம். முதல் கூடை மட்டும் அவன் கையால் விழ வேண்டும். நான் இருக்கிறேன், இந்த வருஷமும் உங்களோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கு அதுதான் அடையாளம்.

இந்தக் கட்டுப்பாடு தவறியதே இல்லை. யாராவது சோம்பினால் அவன் தண்ணீருக்கு ஆசைப்பட்டு மறுநாளே இன்னொருத்தன் கூடையோடு நிற்பான். வடக்குத் தெருவில் அண்ணன் ஒருவர் மாடு பிடிக்கச் சந்தைக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் அவர் பங்கைச் சொந்தத் தம்பியே வெட்டி முடித்திருந்தான். அதன்பிறகு இரண்டு பேரும் ஒரு பந்தியில் உட்காரவில்லை. ஆனாலும் தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மனுஷர்கள் ஒருவரையொருவர் நேசித்துத்தான் ஒரு காரியம் நடக்க வேண்டும் என்றிருந்தால் நம் ஊரில் யாரும் நெல்லைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது சிக்கல் வந்தது எங்கே என்று சொல்கிறேன். போன வைகாசியில் உன் கல்யாணத்தின்போது ஈச்சங்கழனியை உனக்கு மஞ்சள்காணியாக, பெண்ணுக்குக் கொடுக்கும் சீதன நிலமாக, எழுதிக் கொடுத்தேன். கழனி உனக்குப் போனதும் ஆற்றில் அதற்குரிய மூன்று கோல் பங்கும் உனக்குப் போயிற்று. ஆகவே நான் அதை வெட்டினால், ஊர்க் கட்டுப்பாட்டின்படி, மகளுக்குக் கொடுத்த தண்ணீரை நானே பிடுங்கிக்கொண்டவன் ஆவேன். மற்றவர்கள் வெட்டலாமே என்றால், பெண்ணுக்கு மஞ்சள் வைத்துக் கொடுத்த சொத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்தாலும் குடும்பம் விளங்காது என்று ஒரு பயம். அடுத்தவன் தண்ணீருக்கு ஆலாய்ப் பறக்கிற ஊர், உன் தண்ணீர் என்றதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. கட்டுப்பாடும் நல்லதுதான், பயமும் ஒரு விதத்தில் நல்லதுதான். இரண்டும் சேர்ந்து மூன்று கோல் மணல் மேல் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. ஊர் நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது.

இது பொங்கலுக்கு முன்பே எனக்குத் தெரியும். அதனால்தான் தலைப்பொங்கல் சீர்வரிசையோடு நானே பேரணாம்பட்டுக்கு வந்தேன். புதுப் பானை, மஞ்சள் கொத்து, கரும்பு, வெல்லம் எல்லாவற்றையும் சம்பந்தி கூடத்தில் இறக்கி வைத்துவிட்டு, ஒரு வாய் மோர் குடித்த கையோடு பேச்சை ஆரம்பித்தேன். நீ அப்போது சமையல் கட்டில் இருந்தாய். கதவு ஓரத்தில் உன் வளையல் சத்தம் கேட்டதால் நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளை ஒரு நாள் வந்து முதல் கூடையை எடுத்துப் போட்டால் போதும் என்றேன். பெண்டாட்டியின் பங்குக்குப் புருஷன் கூடை எடுப்பதை ஊர் ஒத்துக்கொள்ளும். சம்பந்தி கரும்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வரிச கொண்டாந்தீங்கன்னு பார்த்தேன். மாப்பிள்ளைக்கு மண்வெட்டியும் கொண்டாந்திருக்கீங்க."

நான் கூடை மட்டும்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மாமனார் ஊரில் பையன் ஆற்றுக்குள் இறங்கி மணல் அள்ளினால் நாளைக்குத் தோல் மண்டியில் வீட்டோடு மாப்பிள்ளை என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள் என்றார். அந்தக் கழனியால் இப்படித் தொல்லை என்றால் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு மண் வேண்டாம் என்றும் சொன்னார். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருப்பார். கொடுத்தது உனக்கு. அதைத் திருப்பிக் கொடுக்க அவர் யார் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. பண்டிகை நாள் என்று விழுங்கிவிட்டேன்.

மாப்பிள்ளையை நான் குறைத்துப் பேசவில்லை. தோலைக் கையால் தடவியே எது மலை ஆடு, எது நாட்டு ஆடு என்று சொல்லக்கூடியவர். முதலாளி சாயபு அவரை நம்பித் தோல் பதனிடுகிற கிடங்கையே விட்டுவிட்டுப் பட்டணம் போய் வருகிறார். அன்றைக்கு மத்தியானம் என்னைக் கிடங்குக்கு அழைத்துப் போய்க் காட்டினார். சுண்ணாம்புக் குழியைச் சுற்றி ஆட்கள் நின்று நீண்ட கொக்கிகளால் தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தன் முறையில் வராமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடியில் கிடக்கிற தோல் அவிந்துபோகும், அதிலிருந்து குழி முழுக்கக் கெட்டுப்போகும், அதனால் யாரும் வராமல் இருக்க முடியாது என்றார். எங்கள் ஆற்றிலும் அதேதான் என்றேன். "அது வேற மாமா, இது கம்பெனி வேல. இங்க மொதலாளி கேப்பாரு" என்றார். நம் ஆற்றில் முதலாளி கிடையாது. கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில்தான் ஒருவன் தானாக வர வேண்டும். இதை அவருக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தோலுக்குப் போடுகிற ஆவாரம்பட்டையின் நெடியில் தலை சுற்றியது, வெளியே வந்துவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட அவர் வந்தார். டிரைவர் பஸ்ஸைக் கிளப்ப முன்பக்கம் இரும்பைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் வந்தா அப்பா சாப்ட மாட்டாரு மாமா. தனத்தக் கேளுங்க. அவ கழனிதானே அது."

அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. தப்பித்துக்கொள்ள உன்னை முன்னால் தள்ளுகிறார் என்று நினைத்தேன். ஆம்பூர் வந்து இறங்குகிற வரைக்கும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். இப்போது அவர் சொன்னதை அவர் சொன்னபடியே உனக்கு எழுதுகிறேன். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்பதை அவரோடு வாழ்கிற நீதான் சொல்ல வேண்டும்.

ஊர் திரும்பியதும் மராமத்து ஓவர்சியரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், நாற்காலி போட்டார். ஏரி, மதகு, கலங்கல் என்றால் சர்க்கார் வந்து பார்க்கும், ஆற்று மணலில் ஊரார் வருஷா வருஷம் வெட்டுகிற கால்வாய் ஊர் பாடு, அதில் தலையிட முடியாது என்றார். அது நியாயந்தான். சர்க்கார் தலையிடாததால்தான் இத்தனை காலம் அது நடந்தது. நியாயமான பதிலைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வருவது போல எரிச்சல் வேறில்லை.

பிறகு ஊர் கூடியது, கரையில் புங்க மரத்தடியில். பெரிய பங்கு மேட்டுத்தெரு ரெட்டியாருடையது என்பதால் அவர்தான் நடுவில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வரமாட்டார், வேண்டுமானால் கிடங்கு ஆட்களைக் கூலி கொடுத்து அனுப்பச் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். தோல் மிதிக்கிற கால்கள் நம் கால்வாயில் இறங்கலாமா என்று இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். உங்கள் கழனியில் நாற்று நடுகிற கால்கள் யாருடையவை என்று கேட்டேன். கூலி ஆள் யாராக இருந்தாலும் முதல் கூடை யார் கையால் என்று கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டார்கள். ரெட்டியார் சொன்னார்:

"முதலியாரே, இந்தக் கட்டுப்பாட்ட நான் போடல. ஒங்க பாட்டனும் எங்க பாட்டனும் போட்டது. ஒரு கூடை மண்ணு எனக்குப் பெருசில்ல, இப்பவே வெட்டிடுவேன். அப்புறம் பொண்ணு காணித் தண்ணியக் குடிச்சவன் பேரன்னு என் பேரப் புள்ளைங்கள சொல்லுவாங்க. எனக்கு வேணுமா அது?"

கரீம் பாயும் கூட்டத்தில் இருந்தார். அவர் பங்கு உன் பங்குக்கு அடுத்தது, அவர் கழனிதான் முதலில் காய்கிறது. பின்னால் இருந்த ஒருவன், "பாய், ஒங்களுக்குத்தான் மஞ்சள்காணி, தோஷம் எதுவும் கெடையாதே, நீங்களே வெட்டிடுங்களேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"நல்லாருக்குப்பா" என்றார் பாய். "தண்ணி எல்லாருக்கும், பாவம் மட்டும் துலுக்கனுக்கா? தனம் எங்க வூட்ல தவழ்ந்த பொண்ணு. ஒங்களுக்கு ஆவாததுன்னா எனக்கும் ஆவாது. ஆனா ஒண்ணு கேக்கறேன். ரெட்டியாருக்குப் பாவம் வேணாம், முதலியாருக்குப் பழி வேணாம், மாப்பிள்ளைக்கு மானம் போவக் கூடாது. என் நாத்து மஞ்சளா போச்சே, எனக்கு இன்னா வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. அவ்வளவுதான். நின்றதால் காரியம் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு முனியம்மா ஞாபகம் வந்தாள். வண்டிக்காரர் வீட்டு முனியம்மா, இப்போது மகனோடு கோலாரில் இருக்கிறாள். நான் சொல்லப்போகிற நாளில் நீ என் தோளில் உட்கார்ந்திருந்தாய், ஞாபகம் இருக்க நியாயமில்லை. அவள் புருஷன் தங்கச் சுரங்கத்துக்குப் போன இடத்தில் செத்துப்போனான். அந்தத் தையில் அவள் பங்கை யார் வெட்டுவது என்று ஊர் இதே மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கூடையோடு தயாராக நின்றான், தண்ணீர் கிடைக்குமே என்று. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நேராக மணலில் இறங்கினாள். முதல் கூடையை அள்ளித் தூக்கிக்கொண்டு மேலே வந்து, பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்று, "எங்க கொட்டணும்? கரையிலயா, இங்க யாராச்சும் தலையிலயா?" என்று கேட்டாள். அன்றைக்கு ரெட்டியாரின் அப்பாதான் முதலில் சிரித்தார். "கரையிலயே கொட்டும்மா, இன்னைக்கித்தான் எண்ணெ தேச்சிக் குளிச்சேன்" என்றார். அத்தனை பேரும் இறங்கி அவள் பங்கை வெட்டினார்கள். கொழுந்தனும் வெட்டினான்.

இதை எடுத்துச் சொன்னேன். பெண் கூடை எடுக்கக் கூடாதென்று கட்டுப்பாடு இல்லை, எடுத்தது நடந்திருக்கிறது, நான் கண்ணால் பார்த்தவன் என்றேன். ரெட்டியார் மறுக்கவில்லை. அவரும் பார்த்தவர்தான். ஆனால் அவர் சொன்ன பதிலை நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒளிக்காமல் எழுதுகிறேன். "முனியம்மா புருஷன் போய்ட்டவ. அவ எடுத்தா. ஒம்ம பொண்ணுக்குப் புருஷன் குத்துக்கல்லா இருக்கான். அவன் இருக்கறப்ப அவ கூடைய எடுத்தா, இல்லேன்னு சொல்ற மாதிரி ஆவாதா? அந்த வார்த்தைய நான் வாயால சொல்ல மாட்டேன். நீங்களே யோசிச்சுக்குங்க" என்றார். கூட்டத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரு வாதத்துக்குப் பதில் சொல்லலாம். பயத்துக்கு என்ன பதில் சொல்வது? பொம்பளை கூடை எடுத்ததால் புருஷன் செத்தான் என்று எந்த ஊரிலும் நான் கேள்விப்பட்டதில்லை. எத்தனையோ சாவுச் செய்தி எழுதியிருக்கிறேன். காலரா, பாம்பு, சுரங்கம், பிரசவம் என்று காரணம் எழுதியிருக்கிறேன். கூடை என்று ஒரு தடவைகூட எழுதியதில்லை. இதையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அவர்கள் எடுத்திருக்கிற முடிவு இது. வரும் வெள்ளிக்கிழமை காலைக்குள் உன் பங்கில் முதல் கூடை விழாவிட்டால், உன் மூன்று கோலை விட்டுவிட்டுச் சுற்றி வெட்டுவார்கள். தெற்கே பாறை, முடியாது. வடக்கேதான் போக வேண்டும். அங்கே ஆற்றின் மேல்பக்கம் இருக்கிற வேறொரு தோல் கிடங்கின் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கி மணல் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. போன வருஷம் அந்த ஓரத்துக் குட்டையில் கன்று வாய் வைத்துவிட்டுக் குடிக்காமல் திரும்பி வந்ததைச் சின்னப்பனும் நானும் பார்த்தோம். அந்த வழியாகக் கொண்டுவந்தால் ஊர்த் தண்ணீர் முழுக்கக் கெடும் என்று சொன்னேன். ஓடினால் தெளிந்துவிடும் என்கிறார்கள். மூன்று கோல் மணலைத் தொடாமல் இருப்பதற்காக எல்லாக் கழனியிலும் சுண்ணாம்பை விடத் துணிந்திருக்கிறார்கள். இதற்கு மேல் இவர்களிடம் பேச எனக்குத் தொண்டையில் ஈரம் இல்லை.

சுற்றி வெட்டினால் உன் பங்கு விழுந்துவிடும். ஒரு முறை விழுந்த பங்கு திரும்ப எழுந்து நான் பார்த்ததில்லை. அதன்பிறகு ஈச்சங்கழனிக்கு முறைத் தண்ணீர் கிடையாது, வானம் பார்த்த பூமிதான். கேழ்வரகு போடலாம், அல்லது யாராவது தோல் காய வைக்க இடம் கேட்டால் கொடுக்கலாம்.

உன் அம்மா கேட்கிறாள், கிணற்றுப் பாசனக் கழனியைக் கொடுத்திருந்தால் இந்தப் பேஜார் உண்டா என்று. கிணற்றுக் கழனியின் மேல் உன் அண்ணன் குடும்பம் இருக்கிறது. அவளும் அதை அறிவாள். கழனி எதற்கு, நகையாகப் போட்டிருக்கலாமே என்று சம்பந்தியும் கல்யாணத்தின்போது சொன்னார். அதற்குக் காரணத்தை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கை, உன் அத்தை, ஆற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள், திரும்பி வந்தது உனக்குத் தெரியும். எப்படி இருந்தாள் என்பதை நீ முழுக்கப் பார்த்திருக்க மாட்டாய். தலைக்கு எண்ணெய் வேண்டுமென்றால் உன் அம்மாவிடம் கேட்க வேண்டும். உன் அம்மா ஒரு நாளும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனாலும் உன் அத்தை கேட்பதற்கு முன்னால் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையல் கட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். அந்த நிற்பதைப் பார்த்துத்தான் உனக்குக் கழனி என்று முடிவு செய்தேன். நகையை யார் வேண்டுமானாலும் கழற்றிக் கேட்கலாம். தண்ணீர் பாய்கிற கழனியை யாரும் கழற்ற முடியாது என்று நினைத்தேன். ஊரே சேர்ந்து கழற்றும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

நீ நன்றாக வாழ்வாய். மாப்பிள்ளை நல்லவர். அது உனக்குத் தேவைப்படாமலே போகட்டும். ஆனால் தேவைப்படாது என்ற நம்பிக்கையில் அதை நழுவ விடாதே. உரிமை பத்திரத்தில் எழுதியதால் மட்டும் நிலைப்பதில்லை. வருஷத்தில் ஒரு நாள் போய் அந்த இடத்தில் நின்றாக வேண்டும். நம் ஊரில் நான் கற்றது இதைத்தான், ஆனால் ஊர் இப்போது அதையே எனக்கு எதிராகப் பேசுகிறது. நிற்க வேண்டியவளை நிற்காதே என்கிறது, நிற்காததால் உனக்குப் பங்கில்லை என்கிறது.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து ரெட்டியார் சொன்னதை உன் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். பிறகு, "அந்த மாதிரி ஏதாச்சும் ஆய்ட்டா?" என்று கேட்டாள். ஆகாது என்றேன். "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் நான் ஆற்றிலிருந்து வந்தபோது, பரண் மேல் கிடந்த பெரிய மூங்கில் கூடையை இறக்கி, பிய்ந்திருந்த விளிம்பைப் பனைநார் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இது எதற்கு என்று கேட்டேன். கூடை இருந்தால் எதற்காவது ஆகும் என்றாள். கட்டி முடித்துச் சாணம் மெழுகி முற்றத்தில் காய வைத்திருக்கிறாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

வந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரம் போன வைகாசியோடு போயிற்று. நீ வராவிட்டால் உன்மேல் எனக்கு வருத்தம் இருக்காது என்று எழுதினால் அது பொய். வருத்தம் இருக்கும். ஆனால் உனக்குப் பயமாக இருந்தால் அதை நான் புரிந்துகொள்வேன், உன் அம்மாவுக்கும் இருக்கிறது. வருவதாக இருந்தால் ஒளிந்து வராதே. மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வா. உன்னைக் கேட்கச் சொன்னவர் அவர். நான் கேட்டுவிட்டேன் என்று சொல். அவர் வேண்டாம் என்றால் அந்த ஒரு வார்த்தையை அவர் கையாலேயே எழுதி அனுப்பட்டும். பஸ் பக்கத்தில் மெதுவாகச் சொன்னது எனக்குப் போதாது. நீ வந்து கூடையை எடுத்தால் ஊர் என்ன செய்யும் என்பதும் எனக்குத் தெரியாது. ரெட்டியாரின் அப்பா சிரித்தார், மகன் சிரிப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உன் பின்னால் இறங்கி வெட்ட இரண்டு பேர் உண்டு, கரீம் பாயும் நானும். மூன்று கோலுக்கு அது போதும்.

இந்தக் கடிதத்தைக் கரீம் பாயின் தம்பி கொண்டுவருகிறார். ஆட்டுத்தோல் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறார், புதன்கிழமை உன் கைக்குக் கிடைக்கும். அன்று சாயங்காலம் திரும்புகிறார், பதில் இருந்தால் அவரிடமே கொடு. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு முன்னால் எப்படியும் தண்ணீரை விட்டாக வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார். அதை ஊரும் ஒப்புக்கொண்டிருக்கிறது. எந்த வழியாக என்பதுதான் பாக்கி. அன்றைக்குக் காலையில் பேரணாம்பட்டிலிருந்து வருகிற முதல் பஸ்ஸுக்குச் சாலை முனையில் நான் நிற்பேன். அதிலிருந்து நீ இறங்குகிறாயா இல்லையா என்பதைப் பார்த்துவிட்டு, இரண்டில் எதுவானாலும், நேராக ஆற்றுக்குத்தான் போவேன். கூடையை உன் அம்மா எடுத்துக்கொண்டு முன்னால் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அப்பா